காளீஸ்வரிக்கு யார் பொறுப்பு

1. பெஞ்சுக்கு மேலே

நான் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் போன இடம் போலீஸ் ஸ்டேஷன். அதற்கு முன்பும் அதே ஸ்டேஷனுக்குப் போயிருக்கிறேன். அப்போதெல்லாம் ஜீப்பில் ஏற்றிக் கொண்டுபோவார்கள். இந்த முறை நானாக டவுன் பஸ் ஏறி, கழுத்தில் அடையாள அட்டையை மாட்டிக்கொண்டு போய் இறங்கினேன்.

வாசலில் இருந்த ஏட்டையாவுக்கு என் முகம் மறக்கவில்லை.

"என்ன சீனி, ரொம்ப நாளாச்சு. என்ன கேஸு?"

"கேஸு இல்லய்யா. மீட்டிங்கு."

"மீட்டிங்கா? யாருக்கு?"

"ஒங்களுக்குத்தேன்."

அவர் சிரிக்கவா முறைக்கவா என்று தெரியாமல் உள்ளே அனுப்பிவிட்டார். என் பெயர் சீனியம்மாள். அருப்புக்கோட்டை, பந்தல்குடி, திருச்சுழி பக்கம் பாலியல் தொழில் செய்யும் பெண்களிடையே நோய்த்தடுப்பு வேலை செய்யும் ஒரு புராஜெக்டில் களப்பணியாளராக இருந்து, இப்போது ஓய்வு பெற்றிருக்கிறேன். அதற்கு முன்னால் நானும் அதே தொழில் செய்தவள்தான். ஏன் அந்தத் தொழிலுக்கு வந்தாய் என்று கேட்கிறவர்களுக்கு நான் பதில் சொல்வதில்லை. பேங்க்கில் வேலை பார்க்கிறவரிடம் யாரும் அப்படிக் கேட்பதில்லை, அவரும் வயிற்றுக்காகத்தான் போகிறார்.

போலீஸிடம் போய் நம் வேலையை விளக்கிச் சொல்வதற்குப் புராஜெக்டில் அட்வகேசி மீட்டிங் என்று பெயர். இன்ஸ்பெக்டர் முன்னால் என் பையைத் திறந்து ஆணுறைப் பாக்கெட்டுகளை மேசையில் எடுத்து வைத்தேன். அவர் நாற்காலியோடு பின்னால் நகர்ந்தார்.

"ஏம்மா, இதெல்லாம் ஸ்டேஷனுக்குள்ள கொண்டு வரலாமா?"

"இதை எவிடென்ஸுன்னு இதே மேசையில முன்னாடி பரப்பி வச்சிருந்தீகய்யா. அப்ப நான் கீழ ஒக்காந்திருந்தேன்."

அவருக்குப் பின்னால் நின்ற லேடி கான்ஸ்டபிள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். இன்ஸ்பெக்டர் என்னைப் பெஞ்சில் உட்காரச் சொன்னார். அந்த பெஞ்சின் அடிப்பக்கம் எப்படி இருக்கும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். மேல்பக்கத்தில் உட்கார்ந்தது அன்றுதான். இதைக் கேட்டு என்னைப் பாவம் என்று நினைக்க வேண்டாம். எனக்கு அன்று ரொம்ப சந்தோஷமாக இருந்தது.

இப்போது புதிதாக வேலைக்கு வந்திருக்கும் பிள்ளைகள் ஏதாவது எழுதிக் கொடுங்கள் அக்கா என்றார்கள். அதனால் எழுதுகிறேன். ஆட்களின் பெயர்களை மாற்றியிருக்கிறேன். எந்த ஸ்டேஷன், எந்தக் கோர்ட்டு என்று சொல்லமாட்டேன்.

2. ஊருக்கு அப்படி ஒரு தெரு கிடையாது

சென்னையிலிருந்து எங்களுக்குப் பயிற்சி கொடுக்க ஒருவர் வந்திருந்தார். நல்ல மனுஷன். "அருப்புக்கோட்டையில் சிவப்பு விளக்குப் பகுதி எங்கே இருக்கிறது, போய்ப் பார்க்கலாமா?" என்று கேட்டார். அப்படி ஒரு தெரு இங்கே கிடையாது என்றேன். அவருக்கு ஏமாற்றமாகிவிட்டது. பெரிய நகரங்களைப் பற்றிப் படித்துவிட்டு வந்திருந்தார்.

எங்கள் ஊர்க் கதை வேறு. நூலும் துணியும் வாங்க வியாபாரிகள் வந்து தங்கிய காலத்தில் பஸ் ஸ்டாண்டைச் சுற்றி லாட்ஜுகள் இருந்தன. தொழில் அங்கே நடந்தது. லாட்ஜில் அடையாள அட்டை ஜெராக்ஸ் கேட்கத் தொடங்கினார்கள், கேமரா வந்தது, தொழில் வெளியே வந்தது. தூத்துக்குடி ரோடு நாலு வழிச் சாலை ஆனதும் பந்தல்குடிப் பக்கம் லாரி நிற்கிற இடங்களுக்குப் போனது. அங்கே பெண்கள் காட்டு வேலைக்குப் போகிறவர்கள் மாதிரி சேலைக்கு மேல் ஆண் சட்டை, தலையில் துண்டு, கையில் தூக்குவாளியோடு நிற்பார்கள். பார்க்கிறவர்களுக்கு நூறு நாள் வேலைக்கு லோடு வண்டி எதிர்பார்த்து நிற்பது போலத் தெரியும். இப்போது எல்லாம் செல்போனுக்குள் போய்விட்டது.

சட்டம் என்ன சொல்கிறது என்பதை ஃபீல்டுக்குப் போகிற ஒவ்வொருவரும் தெரிந்து வைத்திருக்க வேண்டும். வயது வந்த ஒரு பெண் தன் விருப்பத்தோடு தொழில் செய்வதைக் குற்றம் என்று சட்டம் சொல்லவில்லை. ஆனால் கோயில், பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, ஹாஸ்டல் இவற்றுக்குப் பக்கத்தில் தொழில் செய்தால் குற்றம். எங்கள் ஊரில் கோயிலும் பள்ளிக்கூடமும் பக்கத்தில் இல்லாத இடத்தைத் தேடிப் போனால் சீமைக்கருவேலங்காடுதான் மிச்சம். அந்தக் காட்டுக்குள் ஒருத்தியை எவனாவது அடித்துப் போட்டால் கேட்க ஆள் இல்லை.

அதைவிட வேடிக்கை வீட்டைப் பற்றியது. ஒருத்தி தன் வீட்டில் தனியாக இருந்து தொழில் செய்தால் சட்டம் ஒன்றும் சொல்லாது. பயமாக இருக்கிறதே என்று துணைக்கு இன்னொருத்தியைச் சேர்த்துக்கொண்டு ரெண்டு பேருமாக வாடகை கொடுத்தால் அது விபச்சார விடுதி. யோசித்துப் பாருங்கள். தனியாக இருந்து சாகலாம், சேர்ந்து பிழைக்கக் கூடாது. இதை எழுதியவர்கள் ஒருநாளாவது தாழ்ப்பாள் சரியில்லாத வீட்டில் தனியாக இருந்திருப்பார்களா என்று எனக்குச் சந்தேகம்.

3. காளீஸ்வரியை மீட்டார்கள்

காளீஸ்வரிக்குத் திருச்சுழி பக்கம் ஒரு கிராமம். புருஷன் திருப்பூர் போனவன் அங்கேயே இன்னொரு குடும்பம் வைத்துக்கொண்டான். இவள் மகளைத் தூக்கிக்கொண்டு பாலவனத்தத்தில் ஒரு ஓட்டு வீட்டுக்குக் குடி வந்தாள். மகள் நந்தினி விருதுநகரில் நர்சிங் ரெண்டாம் வருஷம் படித்துக்கொண்டிருந்தாள். காலையில் மகள் விருதுநகர் பஸ்ஸைப் பிடிப்பாள், அம்மா அருப்புக்கோட்டை பஸ்ஸைப் பிடிப்பாள். அம்மா மில்லில் வேலை பார்க்கிறாள் என்று மகளுக்கு நினைப்பு. மில்லில் காளீஸ்வரி உண்மையிலேயே வேலை பார்த்திருக்கிறாள். அந்தச் சம்பளத்தில் நர்சிங் படிக்க வைக்க முடியாது என்று தெரிந்த பிறகுதான் இதற்கு வந்தாள்.

காளீஸ்வரிக்கு ஒரு அண்ணன் உண்டு, பெயர் வேலுச்சாமி. ஊரில் கரிசல் நிலம் வைத்து மிளகாயும் பருத்தியும் போடுகிற குடும்பம். தங்கச்சி புருஷன் விட்டுவிட்டுப் போனபோது அவர் எட்டிப் பார்க்கவில்லை. மகள் வளர்ந்து நர்சிங் சேர்ந்ததும் தேடி வந்தார். தன் மச்சினனுக்கு, அதாவது சம்சாரத்தின் தம்பிக்கு, நந்தினியைக் கட்டிக் கொடுக்கச் சொன்னார். படிப்பு முடியட்டும் என்று காளீஸ்வரி தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தாள்.

அருப்புக்கோட்டையில் காளீஸ்வரியும் முருகாயி என்ற மூத்த பெண்ணும் சேர்ந்து ஊரோரத்தில் ஒரு வீடு பிடித்திருந்தார்கள். வாடகை ஒப்பந்தம் முருகாயி பெயரில். ஒருநாள் மத்தியானம் போலீஸ் வந்தது. நான் பந்தல்குடியில் இருந்தேன். எங்கள் புராஜெக்டில் ஒரு ஏற்பாடு உண்டு. யாரையாவது போலீஸ் பிடித்தால் பக்கத்தில் இருக்கிற பெண் உடனே எனக்குப் போன் செய்ய வேண்டும். அதற்குக் கிரைசிஸ் கால் என்று பெயர். போன் வந்ததும் கிடைத்த வண்டியில் ஏறி வந்தேன்.

முருகாயியை விடுதி நடத்தியவள் என்று குற்றவாளியாக்கினார்கள். காளீஸ்வரியை மீட்கப்பட்டவள் என்று எழுதினார்கள். கேட்பதற்கு நல்லவிதமாகத்தான் இருக்கிறது. இப்போது நடந்ததைக் கேளுங்கள். முருகாயிக்கு ஜாமீன் கிடைத்தது, வீட்டுக்குப் போய்விட்டாள். காளீஸ்வரியை வெளியூரில் இருக்கும் காப்பகத்துக்கு அனுப்பினார்கள். அங்கே கேட்டுக்குப் பூட்டு, போனைப் பிடுங்கி வைத்துக்கொள்வார்கள், வெளியே வர முடியாது. குற்றவாளிக்கு ஜாமீன் உண்டு. மீட்கப்பட்டவளுக்கு ஜாமீன் கிடையாது, ஏனென்றால் அவளைக் கைது செய்யவில்லையாம், காப்பாற்றியிருக்கிறார்களாம். யாரிடமிருந்து என்று நான் இந்த வேலையில் இருந்த காலம் முழுக்கக் கேட்டுக்கொண்டே இருந்தேன்.

ஜீப்பில் ஏறும்போது காளீஸ்வரி என்னிடம் ஒன்றுதான் சொன்னாள்.

"அக்கா, எங்க அண்ணனுக்கு மட்டும் தெரியக் கூடாதுக்கா. தெரிஞ்சா பிள்ளையத் தூக்கிட்டுப் போயி கல்யாணத்தை முடிச்சுருவாக. அவ படிப்பு போயிரும்."

"தெரியாம பாத்துக்கிறேன். நீ போ."

அன்று சாயந்திரமே பாலவனத்தம் போனேன். மில் சூப்பர்வைசர் என்று சொல்லிக்கொண்டு நந்தினியைப் பார்த்தேன். அம்மாவைக் கோயமுத்தூருக்கு டிரெய்னிங் அனுப்பியிருக்கிறோம், அங்கே போனை வாங்கி வைத்துவிடுவார்கள் என்றேன். அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். ஊசி போடுவதற்கு முன்னால் நரம்பு எங்கே இருக்கிறது என்று தேடுகிற பார்வை. சரிங்க மேடம் என்று மட்டும் சொன்னாள்.

4. பால்பாண்டிக்கு எத்தனை சித்தி

காப்பகத்திலிருந்து ஒரு பெண்ணை வெளியே கொண்டுவர வேண்டுமானால் அவளுக்குப் பொறுப்பானவர் என்று ஒருவர் வந்து கையெழுத்துப் போட வேண்டும் என்பது எங்கள் பக்கத்து வழக்கம். அப்பா, அம்மா, புருஷன், அண்ணன், தம்பி, யாராவது ஒருவர். அந்தப் பெண்ணுக்கு நாற்பது வயதாகியிருக்கலாம், பேரன் பேத்தி எடுத்திருக்கலாம். ஆனாலும் கூட்டிக்கொண்டு போக ஆள் வேண்டும்.

எங்கள் பெண்களில் முக்கால்வாசிப் பேர் வீட்டில் சொல்லாதவர்கள். அவர்கள் யாரைக் கூப்பிடுவார்கள்? அதனால் நாங்கள் அண்ணன் ஒருவரைத் தயார் செய்து வைத்திருந்தோம். பெயர் பால்பாண்டி, ஆட்டோ ஓட்டுகிறவர். ஆட்டோவின் பின்சீட்டுக்கு அடியில் தேய்த்த வெள்ளைச் சட்டை ஒன்று எப்போதும் இருக்கும். கோர்ட்டுச் சட்டை என்று அதற்குப் பெயர் வைத்திருந்தோம். அதைப் போட்டுக்கொண்டு நெற்றியில் பட்டையாகத் திருநீறு பூசினால் பால்பாண்டியை யார் பார்த்தாலும் நாலு தங்கச்சிகளைக் கரையேற்றிய அண்ணன் என்று சத்தியம் செய்வார்கள். ஆதார் கார்டில் அப்பா பெயர் இடிக்குமே என்பதற்கும் வழி கண்டுபிடித்திருந்தோம். கூடப் பிறந்த அண்ணன் என்று சொன்னால்தானே இடிக்கும்? பெரியம்மா மகன் என்று சொல்லிவிட்டால் யார் பெயரும் யார் பெயரோடும் ஒத்துப்போக வேண்டியதில்லை.

பொய்தான். அதற்காக நான் வெட்கப்படவில்லை. வயது வந்த பெண்ணுக்குக் காவலுக்கு ஆள் கேட்பது அதைவிடப் பெரிய பொய்.

காளீஸ்வரியின் வாய்தா அன்று பால்பாண்டி சட்டையை மாட்டிக்கொண்டு வந்தார். மேஜிஸ்ட்ரேட் ஒரு பெண்மணி. அதிகம் பேசமாட்டார், எதையும் மறக்கவும் மாட்டார். அது எங்களுக்கு அன்றுதான் தெரிந்தது.

"நீங்க யாருப்பா இந்தப் பொண்ணுக்கு?"

"பெரியம்மா மகன்மா. எங்க அம்மாவும் இது அம்மாவும் கூடப் பிறந்தவுக."

"உங்க அம்மா கூடப் பிறந்தவங்க எத்தனை பேரு?"

பால்பாண்டிக்கு எதற்குக் கேட்கிறார் என்று புரியவில்லை. "ஒரே ஒரு தங்கச்சிம்மா. எங்க சித்தி" என்றார் பெருமையாக.

"அந்தச் சித்திக்கு எத்தனை பொண்ணு?"

"இது ஒண்ணுதாம்மா. ஒத்தப் பிள்ளை."

மேஜிஸ்ட்ரேட் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "இதே கோர்ட்ல நீங்க சித்தி பொண்ணுன்னு சொல்லி இதுக்கு முன்னாடியும் கூட்டிட்டுப் போயிருக்கீங்க. எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. அவங்கல்லாம் எந்தச் சித்தி பொண்ணு?"

கோர்ட்டே சிரித்தது. டவாலி சிரித்தார், சர்க்கார் வக்கீல் சிரித்தார், நான்கூட முந்தானையைக் கடித்துக்கொண்டேன். பால்பாண்டியின் திருநீறு வேர்வையில் கரைந்து மூக்கில் இறங்கியது. இன்னொரு தடவை அண்ணனாக வந்தால் உள்ளே போய்விடுவாய் என்று மேஜிஸ்ட்ரேட் எச்சரித்து அனுப்பினார்.

பிறகு போலீஸைப் பார்த்து, இந்தப் பெண்ணின் உண்மையான உறவினரைக் கண்டுபிடித்து அடுத்த வாய்தாவுக்கு வரச் சொல்லுங்கள் என்றார். எனக்குச் சிரிப்பு அடங்கிவிட்டது. காளீஸ்வரியின் ஆதார் கார்டில் அவள் பிறந்த ஊர் விலாசம்தான் இருந்தது. போலீஸ் கிராமத்துத் தலையாரிக்கு ஒரு போன் போட்டால் போதும், வேலுச்சாமி வீட்டு வாசலில் செய்தி போய் நின்றுவிடும். எதைத் தடுக்கிறேன் என்று அவளிடம் வாக்குக் கொடுத்தேனோ அதை நானே ஏற்பாடு செய்தது போல ஆகிவிட்டது. திரும்ப ஜீப்பில் ஏற்றும்போது காளீஸ்வரி என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

5. கூடப் பிறந்த அண்ணன்

அடுத்த வாய்தாவுக்கு வேலுச்சாமி வந்தார். இவருக்குக் கோர்ட்டுச் சட்டை தேவைப்படவில்லை. வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, முகத்தில் கடுகடுப்பு. தங்கச்சியை அவர் பார்க்கவே இல்லை, மேஜிஸ்ட்ரேட்டைப் பார்த்துத்தான் நின்றார்.

இலவச சட்ட உதவியில் எங்களுக்கு வாய்த்த வக்கீலம்மா சின்ன வயசுக்காரர், கெட்டிக்காரர். அவர் என் காதில் சொன்னார்: "இப்போதைக்கு அண்ணன்கூடவே போகட்டும்கா. காப்பகத்துல இருந்து வெளிய வந்தா போதும். அப்புறம் அங்க இருந்து கிளம்பி வந்துரலாம்." எனக்கும் அதுதான் சரி என்று பட்டது. காளீஸ்வரிக்குக் கண்ணைக் காட்டினேன், சரி என்று சொல் என்று. அவள் என் பக்கம் திரும்பவில்லை.

மேஜிஸ்ட்ரேட் வேலுச்சாமியைக் கேட்டார். "தங்கச்சியைப் பொறுப்பா கூட்டிட்டுப் போறீங்களா?"

"கூட்டிட்டுப் போறேன்மா. இனிமே வீட்டு வாசப்படியத் தாண்ட விடமாட்டேன். இவ மக ஒருத்தி படிக்கிறேன்னு டவுனுக்குப் போயிட்டு வாரா. அதையும் நிப்பாட்டிட்டு மாசியில கல்யாணத்தை முடிச்சுருவேன். குடும்ப மானம் போனது போதும்."

எவ்வளவு பொறுப்பான பதில் பாருங்கள். பக்கத்தில் இருந்த போலீஸ்காரர் தலையை ஆட்டினார். கையெழுத்துப் போடப் பேனாவைக்கூட நீட்டிவிட்டார்கள். அப்போது கூண்டுப் பக்கமிருந்து காளீஸ்வரியின் குரல் கேட்டது.

"எனக்கு இவுக கூடப் போக இஷ்டம் இல்லம்மா."

வேலுச்சாமி திரும்பினார். "ஏ காளி, கோர்ட்டுல நின்னு என்ன பேசுற?"

"நான் அம்மாட்டப் பேசுறேன்."

மேஜிஸ்ட்ரேட் கையைக் காட்டி அவரை அமைதியாக இருக்கச் சொன்னார். "இவர்கூடப் போகலைன்னா திரும்பக் காப்பகத்துக்குத்தான் போகணும், தெரியுமில்ல? வேற யாரு வந்து பொறுப்பெடுப்பாங்க?"

"நாந்தேம்மா."

"என்ன?"

"எனக்கு நாந்தேன் பொறுப்பு. வீட்டுக்காரரு விட்டுட்டுப் போனப்ப கைப்பிள்ளையோட எங்க அண்ணன் வீட்டு வாசல்ல போயி நின்னேன். பொறுப்பெடுத்துக்கிறேன்னு யாரும் கையெழுத்துப் போடல. மதினி கஞ்சி ஊத்துச்சு, குடிச்சிட்டு வந்துட்டேன். அன்னையில இருந்து எனக்கும் எம் பிள்ளைக்கும் நாந்தேன் பொறுப்பு. இன்னைக்கு வந்து இவுக கையெழுத்துப் போட்டா, எந்தப் பொறுப்புக்குப் போடுறாக?"

ரெண்டு வருஷமாக அவளுக்கு நான் மீட்டிங்கில் உரிமை, உரிமை என்று வகுப்பெடுத்திருக்கிறேன். நான் கண்ணைக் காட்டியதை அவள் பார்க்காமல் இருந்ததற்கு அன்று சாமியைக் கும்பிட்டேன்.

மேஜிஸ்ட்ரேட் கேட்டார். "வெளிய போய் என்ன தொழில் பண்ணுவீங்க?"

"பொய் சொல்லவாம்மா, நெசத்தைச் சொல்லவா?"

ஏதோ எழுதப் போன மேஜிஸ்ட்ரேட் பேனாவை மூடி வைத்தார். வக்கீலம்மா எழுந்து, வயது வந்த பெண்ணை அவள் விருப்பத்துக்கு மாறாகக் காப்பகத்தில் வைத்திருக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் சொல்லியிருப்பதை எடுத்துச் சொல்லத் தொடங்கினார். "தெரியும்மா, உக்காருங்க. இதுவரைக்கும் எங்கிட்ட யாரும் எனக்கு இஷ்டம் இல்லைன்னு சொன்னதில்லை. எல்லாரும் ஒரு அண்ணனைக் கூட்டிட்டு வந்தீங்க" என்றார் மேஜிஸ்ட்ரேட். இது எனக்கு விழுந்த அடி. வாங்கிக்கொண்டேன்.

காளீஸ்வரி தன் சொந்தப் பொறுப்பில் போகலாம் என்று உத்தரவு போட்டார். அவளே கையெழுத்துப் போட்டாள். தமிழில், முழுப் பெயர், இனிஷியலோடு.

6. பாலவனத்தம்

வெளியே வந்ததும் வேலுச்சாமி பைக்கை ஸ்டார்ட் செய்தார். "கோர்ட்டு ஒன்னய விடலாம். நான் போயி ஒம் மகட்டச் சொல்றேன், ஒன்னோட யோக்கியதைய. எங்கூட வாராளா ஒங்கூட இருக்காளான்னு பாப்போம்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பிவிட்டார்.

நந்தினிக்குப் பரீட்சை விடுமுறை, வீட்டில் இருந்தாள். பால்பாண்டி ஆட்டோவை எடுத்தார். வழியில் காளீஸ்வரி, "நானே சொல்லியிருக்கணும்கா. எம் வாயால சொல்லியிருக்கணும்" என்றாள். பைக்கை ஆட்டோ எப்படி முந்தும்? நாங்கள் போய்ச் சேர்ந்தபோது தெருவே கூடியிருந்தது. வேலுச்சாமி வாசலில் நின்று, உள்ளூர் ஒலிபெருக்கி தேவையில்லாத அளவுக்குச் சத்தமாக எல்லாவற்றையும் சொல்லி முடித்திருந்தார். நந்தினி நிலைப்படியில் நின்றுகொண்டிருந்தாள், கையில் படித்துக்கொண்டிருந்த புத்தகத்தோடு.

காளீஸ்வரி ஆட்டோவிலிருந்து இறங்கினாள். முக்காட்டைப் போடவில்லை, தலையைக் குனியவில்லை.

"கெளம்பு ஆத்தா. துணிமணிய எடுத்துக்க. இனி ஒனக்கு நாங்கதேன்" என்றார் வேலுச்சாமி.

நந்தினி அம்மாவைப் பார்த்தாள். அழுதிருந்தாள், கண்ணெல்லாம் சிவந்திருந்தது. குரல் மட்டும் நிதானமாக வந்தது.

"எனக்கு எங்கம்மா மேல கோவம் இருக்கு மாமா. நெறையா இருக்கு. அது எனக்கும் எங்கம்மாவுக்கும் உள்ளது. நாங்க பேசிக்கிருவோம். நீங்க கெளம்புங்க."

"இவ என்ன செஞ்சான்னு தெரிஞ்சுமா..."

"நீங்க சொன்னது காதுல விழுந்துச்சு. தெருவுக்கே விழுந்துச்சு. கெளம்புங்க மாமா."

கூட்டத்தில் யாரோ ஒரு அம்மா, "போங்கய்யா, பிள்ளைதேன் சொல்லிருச்சுல்ல" என்றார். யாரும் வேலுச்சாமி பக்கம் பேசவில்லை. பைக்கைத் திருப்பிக்கொண்டு போனார்.

நந்தினி அதன் பிறகு என்னைப் பார்த்தாள். அதே நரம்பு தேடுகிற பார்வை. "நீங்க மில் சூப்பர்வைசர் இல்லல்ல?"

"இல்லத்தா."

"அப்ப யாரு?"

தெரு முழுக்க நின்றுகொண்டிருந்தது. ஸ்டேஷனில் சொல்லியிருக்கிறேன், கலெக்டர் ஆபீஸ் மீட்டிங்கில் மைக் பிடித்துச் சொல்லியிருக்கிறேன். பெண்டு பிள்ளைகள் நிற்கிற ஒரு தெருவில் அதுவரை சொன்னதில்லை. அந்தத் தெருவுக்குக் கேட்கிற மாதிரியே சொன்னேன்.

"எம் பேரு சீனியம்மா. நானும் பாலியல் தொழில் செஞ்சவதேன். இப்ப அந்தத் தொழில் செய்யுற பொம்பளைகளுக்கு ஒரு கஷ்டம்னா போயி நிக்கிற வேலை பாக்குறேன். ஒங்கம்மா எங்களைச் சேர்ந்தவ. இன்னைக்குக் கோர்ட்டுல எங்க எல்லாரையும் விட நல்லாப் பேசுனா."

நந்தினி நிலைப்படியை விட்டு விலகிக் கதவை அகலத் திறந்தாள். "வெளிய நிக்காதீங்க. உள்ள வாங்க, ரெண்டு பேரும்" என்றாள்.

அதன் பிறகு அவர்கள் ஒருவருக்கொருவர் சரியாகப் பேச ரொம்ப நாள் ஆனது. படிப்பு நிற்கவில்லை. பால்பாண்டி கோர்ட்டுச் சட்டையை மச்சினன் கல்யாணத்துக்குப் போட்டுக் கிழித்துவிட்டார், வேறு எடுக்கச் சொல்லவில்லை. அதற்குப் பிறகு வந்த ஒவ்வொரு கேஸிலும் எங்கள் பெண்கள் தங்கள் வாயால், எனக்கு இஷ்டம் இல்லை, என் பொறுப்பில் போகிறேன் என்று சொன்னார்கள். எல்லாத் தடவையும் விட்டார்கள் என்று சொல்லமாட்டேன். சில தடவை காப்பகத்துக்கே திருப்பி அனுப்பினார்கள், மறுபடி மனு போட்டோம். ஆனால் அண்ணன் தேடி அலையவில்லை.

இப்போது வேலைக்கு வந்திருக்கும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். சட்டத்தைப் படியுங்கள், வக்கீல் நம்பரை வைத்திருங்கள், கூப்பிட்ட உடனே போய் நில்லுங்கள். கோர்ட்டில் இந்தப் பெண்ணுக்கு யார் பொறுப்பு என்று கேட்டால் மட்டும் நீங்கள் வாயைத் திறக்காதீர்கள், கண்ணையும் காட்டாதீர்கள். அந்தக் கேள்விக்குப் பதில் அவளிடம் இருக்கிறது. அவள் சொல்லட்டும்.